நான்காம் யூனிட்

கோவையில் பொறியியல் படித்தவர்களிடம் ‘எம்-டூ’ என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் அந்த அரியரை எப்போது முடித்தோம் என்று சொல்லத் தொடங்குவார்கள். இரண்டாம் செமஸ்டர் கணிதத் தாள் அது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2021 பாடத்திட்டம் வரும்வரை வெகுகாலம் அதன் மூன்றாம், நான்காம் யூனிட்டுகள் கலப்பெண் பகுப்பாய்வாகவே இருந்தன. பி.எஸ்சி. கணிதத்தில் தனித் தாளாகவும், எம்.எஸ்சி.யில் ஆல்ஃபோர்ஸ் எழுதிய புத்தகமாகவும் விரியும் பாடத்தை இங்கே சில வாரங்களில் முடித்தாக வேண்டும். இந்த வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் பல வருடம் அந்தத் தாளை எடுத்தவன் என்பதால் சொல்கிறேன், முடித்துவிடுகிறோம். அதுதான் பிரச்சினை.

நம் பிள்ளைகளுக்கு இதில் மார்க் வாங்கத் தெரியும். மெய்ப்பகுதியைக் கொடுத்து முழுச் சார்பைக் கேட்டால் மில்னே-தாம்சன் முறை கைவசம் இருக்கிறது. பகுதி வகையிடு, எக்ஸ் இருக்கும் இடத்தில் இஸட் போடு, ஒய்க்குச் சுழி போடு, தொகையிடு, அடிக்கோடு இழு. ஏன் அப்படிப் போடலாம் என்று யாரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. கந்தசாமி, திலகவதி, குணவதி என்ற மூன்று கோவைப் பேராசிரியர்கள் எழுதிய பருத்த புத்தகத்தில் தீர்த்த கணக்குகள் குவிந்து கிடக்கின்றன. பரீட்சைக்கு முந்தின ராத்திரி அதைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் முதல் வகுப்பே பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஆகிவிட்டால் என்ன செய்வது?

அன்னூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் ஒருநாள் எழுந்து கேட்டான்: “ஏனுங்க சார், இந்த ஐ நெசத்துல இல்லாத எண்ணுங்கறீங்க. அப்பறம் அதை வெச்சு எதுக்குங்க இத்தனை கணக்கு?”

அவன் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரையே பதிலாகச் சொன்னேன். 1930களில் பைகாரா மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் ஆலைகள் பெருகின. 1937இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மோட்டார் செய்தார்கள். மாறுமின்னோட்டத்தைக் கலப்பெண்ணால் கணக்கிடலாம் என்று ஸ்டைன்மெட்ஸ் 1893இல் சிகாகோ மாநாட்டில் காட்டியிருந்தார். மின்துறைக்காரர்கள் ஐ-யை ஜே என்று எழுதுவார்கள், அவர்களுக்கு ஐ என்றால் மின்னோட்டம். பவர் ஃபேக்டர் குறைந்தால் மின்வாரியம் மில்லுக்குப் போடும் அபராதத்தின் பின்னாலும் இந்த ‘இல்லாத’ எண்தான் இருக்கிறது. பையனுக்கு இது பிடித்திருந்தது. எனக்குப் போதவில்லை. மோட்டார் கணக்கில் ஐ ஒரு வசதி மட்டுமே. சைன், கொசைனை வைத்தும் அதையே சிரமப்பட்டுப் போட்டுவிடலாம்.

ஆகவே கரும்பலகையில் வேறொன்று எழுதினேன். ஒன்றை, ‘ஒன்று கூட்டல் எக்ஸ் வர்க்கம்’ என்பதால் வகுப்பது. இதை 1 கழித்தல் எக்ஸ் வர்க்கம், கூட்டல் எக்ஸின் நான்காம் அடுக்கு என்று தொடராக விரித்தால் எக்ஸ் 1ஐத் தாண்டியதும் தொடர் சிதறிப்போகிறது. சார்பிலோ ஒரு கோளாறும் இல்லை. 1இலும் 2இலும் 100இலும் அமைதியாக இருக்கிறது. பின் ஏன் தொடர் 1இல் நொடிக்கிறது? எண்கோட்டை மட்டும் பார்த்தால் காரணம் தெரியவே தெரியாது. கலப்பெண் தளத்தைப் பார்த்தால் மேலே ஐ, கீழே கழித்தல் ஐ ஆகிய இரு புள்ளிகளில், அவற்றின் வர்க்கம் கழித்தல் 1 என்பதால், பகுதி சுழியாகிறது. சுழியிலிருந்து இரண்டும் சரியாக 1 தூரத்தில் இருக்கின்றன. தொடர் முட்டிக்கொண்டது அங்கேதான்.

அந்த இரண்டையும் தோட்டத்துக் கிணறுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணறில்லாத நிலத்தை எப்படி வளைந்து சுற்றி வந்தாலும் தொகையீடு சுழி. இது கோஷியின் தேற்றம். கிணறு உள்ளே அகப்பட்டால், ரெசிட்யூ என்ற அதன் எச்ச எண்ணை இரண்டு பை ஐ-யால் பெருக்கினால் வருவதே தொகையீடு. பாதையின் வடிவத்தைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. இனி எண்கோடு முழுக்க நம் சார்பின் கீழ்ப் பரப்பு எவ்வளவு? கோட்டின் வழியே போய், மேலே பெரிய அரைவட்டமாகத் திரும்பி வருகிறோம். அரைவட்டத்தின் நீளம் ஆரத்தின் விகிதத்தில் வளர்கிறது, சார்போ ஆரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மெலிகிறது. ஆரம் பெருகப் பெருக அந்தப் பங்கு மறைந்துவிடும். உள்ளே இருப்பது ஐ என்ற ஒரே கிணறு. அதன் ரெசிட்யூ, இரண்டு ஐ-யில் ஒரு பங்கு. இரண்டு பை ஐ-யால் பெருக்கினால் ஐ அடிபட்டுப்போய் பை நிற்கிறது. மெய்யெண்ணில் கேட்ட கேள்வி, மெய்யெண்ணில் வந்த விடை. வழி மட்டும் தளத்தின் வழி. வகுப்பில் அன்றைக்குப் பின்பெஞ்சிலும் பேச்சில்லை.

இந்த வழி தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் ராமானுஜனே சாட்சி. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களின் எண்ணிக்கைக்கு ஏறக்குறைய துல்லியமான சூத்திரம் இருப்பதாகச் சொன்னார். அவர் நினைத்த அளவுக்கு அது துல்லியமில்லை. ஸீட்டா சார்பின் கலப்பெண் சுழிகள் அவர் கணக்கில் வரவில்லை என்பதைக் காரணமாக ஹார்டி பின்னால் எழுதினார். கும்பகோணமும் சென்னையும் அவருக்கு இந்தப் பாடத்தைக் கொடுத்திருக்கவில்லை. கேம்பிரிட்ஜ் போனபின் ஹார்டியோடு சேர்ந்து 1918இல் வெளியிட்ட கட்டுரையோ முழுக்க கோஷியின் வட்டத் தொகையீட்டின் மேல் நிற்கிறது. 200ஐ எத்தனை விதமாக மிகை முழு எண்களின் கூட்டலாகப் பிரிக்கலாம் என்ற கேள்விக்கு அவர்கள் சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளே 39,72,99,90,29,388 என்ற விடையை 0.004 பிசகில் கொடுத்தன. மெக்மஹோன் என்ற கணிதர் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்த எண்ணும் அதேதான். என்னைக் கேட்டால், நான்காம் யூனிட்டை ஆரம்பிக்க இதைவிட நல்ல கதை தமிழ்நாட்டில் இல்லை.

இந்தப் பாடத்தை எடுக்கும் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மில்னே-தாம்சன் எங்கும் ஓடிவிடாது. இந்த யூனிட்டின் முதல் வகுப்பில் நோட்டை மூடச் சொல்லிவிட்டு, அந்த ஒரு தொகையீட்டை மட்டும் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். ஐம்பது நிமிடம் தாராளமாகப் போதும்.