துண்டுத் துணியில் ஒரு தலையணை உறை

கூடலூரில் இருந்து பந்தலூர் போகும் வழியில் இருக்கிறது தேவாலா. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வானிலைச் செய்தி கேட்பவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகவே தெரியும். தமிழ்நாட்டில் அதிக மழை பெய்த இடங்களின் பட்டியலில் அடிக்கடி முன்னால் வந்து நிற்கும் ஊர் இது.

செய்தி கேட்பவர்களுக்கு அது ஒரு எண். ஊரில் இருப்பவர்களுக்கோ அது துணிப் பிரச்சினை! ஜூன் தொடங்கினால் துவைத்தது காயாது. அடுப்படியில் கொடி கட்டிக் காயப்போட வேண்டும். அதைவிடப் பெரிய பிரச்சினை பெட்டிக்குள் இருக்கிறது. பாட்டி கட்டிய நூல் சேலை, தாத்தாவின் வேட்டி, குழந்தையின் முதல் சட்டை என்று ஆசையாக மடித்து வைத்தவை எல்லாம் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடித்து, கரும்புள்ளி விழுந்து, மடிப்பிலேயே இற்றுப்போகும். இந்த மாதிரி ஊரில் பழைய துணியைக் காப்பாற்ற நல்ல வழி அதை வெளியே எடுத்துப் பயன்படுத்துவதுதான். அதற்கு ஒரு எளிய வழி ஒட்டுத்துணித் தலையணை உறை.

யார் யார் செய்கிறார்கள்?

இது ஒன்றும் புதிதல்ல. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்துக் காந்தா செய்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடைகளில் தைத்த போர்வைகள் 2002-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006-ல் தபால்தலையாகவும் வந்தன.

தேவாலாவுக்குப் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குப் பெயர் கவந்தி. புதிதாகக் கற்பவர்களுக்கு இவர்கள் முறைதான் சுலபம். துண்டுகளை அளவெடுத்து முதலில் ஒன்றோடொன்று இணைக்கும் வேலையே இதில் இல்லை. ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுப்பகுதிக்கு வந்து முடித்துவிடலாம். மெஷினும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

தேவையானவை

1. அடித்துணி: பழைய நூல் சேலையில் 18 அங்குலச் சதுரம் ஒன்று
2. நடுவில் வைக்க: அதே அளவில் பழைய வேட்டித் துணி
3. மேலே தைக்க: 3 முதல் 4 அங்குலத் துண்டுகள்
4. பின்பக்கத்துக்கு: 17க்கு 12 அங்குலத்தில் இரண்டு துண்டுகள்
5. ஊசி, கெட்டியான பருத்தி நூல், கத்தரிக்கோல்

வீட்டுத் துணி போதாவிட்டால் தையற்கடையில் கேட்கலாம். பள்ளி திறக்கும் சமயத்தில் யூனிஃபார்ம் வெட்டிய துண்டுகள் மூட்டையாகக் கிடக்கும். பருத்தியாகப் பார்த்து எடுப்பது நல்லது. பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் அவ்வளவாகச் சுருங்காது. இரண்டையும் கலந்தால் துவைத்த பிறகு உறை சுருக்கம் சுருக்கமாக நிற்கும். எல்லாத் துண்டுகளையும் முதலில் துவைத்துக் காயவைக்க வேண்டும். சிவப்பு, நீலத் துண்டுகளை ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும்.

செய்முறை

அடித்துணி மேல் வேட்டித் துணியை விரித்து, நான்கு பக்கமும் பெரிய பெரிய தையலாகப் போட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து ஓட்டுத் தையல் போட வேண்டும். ஊசி மேலும் கீழுமாகப் போய் வருவதுதான் ஓட்டுத் தையல். மூன்று அடுக்கிலும் ஊசி இறங்க வேண்டும் என்பது முக்கியம்.

அடுத்த துண்டு, முதல் துண்டின் மேல் கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும். ஏறி உட்காரும் விளிம்பைக் கால் அங்குலம் உள்ளே மடித்துத் தைத்தால் பிசிறு வெளியே தெரியாது. உறையின் வெளி ஓரத்தை மட்டும் மடிக்க வேண்டாம், அது கடைசித் தையலுக்குள் மறைந்துவிடும். இப்படியே சுற்றி வந்து, விரற்கடை இடைவெளியில் வரிசை வரிசையாகத் தைத்துக்கொண்டு போகலாம். நடுவில் மிஞ்சும் இடத்தை மூடும் கடைசித் துண்டுக்கு நான்கு பக்கமும் மடிப்பு வேண்டும். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் எடுத்தால் சிக்கிக்கொள்ளும்.

தைத்து முடித்ததும் 17 அங்குலச் சதுரமாக ஓரத்தைச் சரிசெய்ய வேண்டும். பின்பக்கத் துண்டுகள் இரண்டிலும் ஒரு நீள விளிம்பை ஓர் அங்குலம் மடித்துத் தைத்து, முன்பக்கத்தின் மேல் கவிழ்த்துப் போட வேண்டும். நடுவில் 5 அங்குலம் ஒன்றன் மேல் ஒன்று வரும். சுற்றிலும் அரை அங்குலம் விட்டு நெருக்கமாகத் தைத்துத் திருப்பினால் 16 அங்குல உறை தயார். ஜிப், பட்டன் எதுவும் தேவையில்லை.

தலையணையாகவே தைத்து மூடிவிடாமல் உறையாகச் செய்வதற்கும் மழைதான் காரணம். உள்ளே இருக்கும் இலவம்பஞ்சு நனைந்தால் தேவாலாவில் அது காய்வதற்குள் நாற்றம் வந்துவிடும். உறை என்றால் கழற்றித் துவைத்துக்கொள்ளலாம்.

இதில் லாபம் உண்டா?

செலவுக் கணக்கியலில் வெட்டுத் துண்டுக்கு ஸ்கிராப் என்று பெயர். அதன் மதிப்பு சொற்பம். ஆனால் கை வேலைக்குப் பல சாயங்காலங்கள் ஆகும். அந்த நேரத்துக்குக் கூலி போட்டால், கடையில் தொங்கும் உறையோடு விலையில் போட்டி போடவே முடியாது. விற்கலாம் என்று இறங்குபவர்கள் இதை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

பாட்டியின் சேலைக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அதைக் கத்தரிக்கப் பலருக்கும் மனசு வராது. பெட்டியிலேயே விட்டால் இன்னும் சில மழைக்காலங்களில் பூஞ்சணம் அதைத் தின்றுவிடும். உறையாக்கிவிட்டால் தினமும் கையில் படும், வெயில் வந்த நாளில் துவைத்துக் காயப்போடலாம். தொடங்குபவர்கள் முதல் உறையைத் தையற்கடைத் துண்டுகளில் தைத்துப் பழகட்டும். கை ஓரளவு நேரான பிறகு பெட்டியைத் திறக்கலாம்.