ஸ்டெபிலைசர் மாற்றிய கதை

ஸ்டெபிலைசர் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே சுவரில் மாட்டப்பட்டு, அவ்வப்போது 'டக்' என்று சத்தமிடும் அந்தச் சிறு பெட்டிதான். தெருவில் மின்னழுத்தம் எப்படி ஏறி இறங்கினாலும் உள்ளேயிருக்கும் பாலுக்கும் தயிருக்கும் அது தெரியாது. நாங்கள் எழுதப்போவது வேறொரு ஸ்டெபிலைசரைப் பற்றி. இரண்டுக்கும் குணம் ஒன்றே என்பது எங்களுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் விளங்கியது.

தெற்கு ஆஸ்திரேலியாவில், ஸ்பென்சர் வளைகுடாவின் வடமுனையில் இருக்கும் போர்ட் அகஸ்டாவில் வசிக்கிறோம். அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பிக்கப் வண்டியை இந்நாட்டில் 'யூட்' என்பார்கள். எங்களுடையது 1994ஆம் ஆண்டு டொயோட்டா லேண்ட் குரூசர் 75. டர்போ இல்லாத, ஆறு சிலிண்டர் கொண்ட 4.2 லிட்டர் டீசல் எஞ்சின். நான்கு சக்கரங்களும் இழுக்க வேண்டுமென்றால் இறங்கிப் போய், முன்சக்கரங்களின் நடுவிலுள்ள பூட்டைக் கையால் திருப்ப வேண்டும். நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த பிறகே எங்களிடம் வந்து சேர்ந்தது. முன்னால் ஒரே வரிசை இருக்கை. இருபுறமும் நாங்கள், நடுவில் ஒன்பது வயது மகள்.

2023 ஜூலையில் ஒரு காலை, ஹாக்கரிலிருந்து வில்பெனாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். மேய்ச்சல் நிலங்களின் ஊடே போகும் சாலைகளில் வேலி குறுக்கிடும் இடத்தில் கதவு வைப்பதில்லை. பள்ளம் வெட்டி, அதன்மேல் இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்துவிடுவார்கள். வண்டி கடந்துவிடும், மாடு கடக்காது. அப்படியொரு கிராதியின்மேல் எண்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கினோம். இறங்கிய கணத்தில் ஸ்டியரிங் வளையம் கையை உதறியது. இடமும் வலமுமாக, கண்ணால் எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே மலையும் சாலையும் ஒன்றாகக் குழம்பின. இருக்கைக்கு அடியில் கிடந்த ஸ்பேனர்கள் பெட்டியோடு குதித்தன. வேகம் நாற்பதுக்குக் கீழே இறங்கியபோது, யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் எல்லாம் அடங்கியது. அப்போது ஓட்டியது எங்களில் யார் என்பதை எழுதுவதில்லை என்று எங்களுக்குள் உடன்பாடு.

மகள் அழவில்லை. முன்பலகையில் இரண்டு கைகளையும் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தாள். சற்று நேரம் கழித்து, "வீட்டுக்கு வேற வண்டியில போலாமா?" என்று மட்டும் கேட்டாள். வேறு வண்டி ஏது? நாற்பதைத் தாண்டாமல் வீடு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அதன்பிறகு அவள் அந்த வண்டியில் ஏற மறுத்தாள்.

இந்த நடுக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'ஷிம்மி' என்று பெயர். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் பரவிய, தோள்களைக் குலுக்கி ஆடும் ஒரு நடனத்தின் பெயர் அது. 1920களில் முன்சக்கரங்களுக்கும் பிரேக் வைத்து, காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்களையும் மாட்டத் தொடங்கியபோது கார்களை இந்நோய் பற்றிக்கொண்டது. 1925இல் ப்ரூலியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதைப் பற்றியே ஓர் ஆய்வுரை எழுதியிருக்கிறார். பிற்பாடு கார்களில் இரு முன்சக்கரங்களையும் தனித்தனியே இயங்கும்படி பிரித்தபோது தொல்லை பெரிதும் குறைந்தது. கரடுமுரடான பாதைகளில் பாரம் சுமக்கும் வண்டிகள் பல, ஒரே இரும்பு அச்சை நெடுங்காலம் விடவில்லை. எங்கள் வண்டி அந்தக் குலம். ஒரு சக்கரம் அதிர்ந்தால் அச்சும் தண்டும் அதை மறு சக்கரத்துக்குச் சொல்லும், அது திருப்பிச் சொல்லும். எங்காவது தேய்வு இருந்தால் அந்தப் பேச்சு ஓயாமல் வளரும்.

அதை அடக்கத்தான் ஸ்டெபிலைசர். படுக்கவைத்த ஷாக் அப்சார்பர் என்று சொன்னால் எளிதாகப் புரியும். எண்ணெய் நிறைந்த உருளை, அதற்குள் ஒரு பிஸ்டன். ஒரு முனை ஸ்டியரிங் தண்டில், மறு முனை தண்டோடு சேர்ந்து நகராத ஓரிடத்தில். கிணற்று நீரில் கையை மெல்ல அளைந்தால் நீர் வழிவிடும், வீசி அடித்தால் தடுக்கும் அல்லவா? அதே தத்துவம். நாம் வளைக்கும்போது விட்டுக்கொடுத்து, கல் மோதி உதறும்போது முரண்டு பிடிக்கும்.

எங்களுடையதில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் செம்புழுதி அப்பி, அடைபோல் இறுகியிருந்தது. கழற்றுவதற்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆயிற்று. நட்டைப் பூட்டியிருந்த ஸ்பிளிட் பின் இழுத்ததும் துண்டாக ஒடிந்தது. நட்டு கழன்றபின்னும், கூம்பு வடிவ முளை தன் குழியை விட்டு வர மறுத்தது. முளையின் தலையில் அடித்தால் மரை கெடும்; குழியைச் சூழ்ந்த இரும்பின் பக்கவாட்டில், இரு புறமும் இரண்டு சுத்தியல்களால் ஒரே சமயத்தில் அடிக்க வேண்டும். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, ஒருவர் எண்ண இருவரும் அடித்தோம். மணவாழ்வில் இத்தனை ஒத்திசைவு எங்களுக்கு வேறெதிலும் வாய்த்ததில்லை. இருபதாவது அடியிலோ என்னவோ, முளை தானாகவே விழுந்தது. கழற்றிய உருளையை அமுக்கினால் ஈரப் பஞ்சுபோல் உள்ளே போயிற்று. புதியதை அமுக்கவே உடல் பாரம் முழுவதும் தேவைப்பட்டது. நாலைந்து முறை இழுத்துத் தள்ளிப் பொருத்தினோம். ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, உருளை எங்கும் முட்டவில்லை என்று உறுதிசெய்துகொண்டோம்.

மறுநாள் ஓட்டிப் பார்த்தோம். கிராதிகளை நூலிழை பிசகாமல் கடந்தது. வீட்டுக்கு வந்து மகளிடம் "சரியாயிடுச்சு" என்றோம். அவள் ஒரு வாரம் யோசித்து, பிறகு ஏறினாள்.

ஆறாவது வாரம், குவோர்ன் போகும் வழியில், அவள் நடுவில் உட்கார்ந்திருக்கும்போதே மீண்டும் வந்தது. முன்னளவு இல்லை, ஐந்தாறு விநாடிதான். வண்டியை ஓரம் நிறுத்தினோம். அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே" என்றாள். பொய் சொல்லும் எண்ணம் எங்களுக்கு இருக்கவில்லை. ஆயினும் சோதித்துப் பார்க்காத ஒன்றைச் சோதித்ததுபோலச் சொல்லியிருந்தோம். அன்றிரவு சாப்பாட்டில் பேச்சில்லை.

அடுத்த வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடந்ததைச் சொன்னதும், "முதலில் அந்தப் புது உருளையைக் கழற்றுங்கள், அதை வைத்துக்கொண்டு நோயைத் தேட முடியாது" என்றார். பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொன்னார். லேசாக ஆடியது. சக்கரம் எந்த முளையைச் சுற்றித் திரும்புகிறதோ அதற்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கூம்பு பேரிங்குகள் உண்டு. மெல்லிய ஷிம் தகடுகள் வைத்து அவற்றைச் சற்று இறுக்கமாகவே பொருத்துவார்கள். அந்த இறுக்கம்தான் சக்கரத்தின் முதல் கட்டுப்பாடு. பேரிங் தேயத் தேய அது போய்விடும். 'நம் வண்டி இப்போதெல்லாம் எவ்வளவு லேசாகத் திரும்புகிறது' என்று அந்த இரண்டு வருடமும் மகிழ்ந்திருந்தவர்கள் நாங்கள்.

இறுக்கத்தை அளக்கும் முறை விசித்திரமானது. ஸ்டியரிங் தண்டைப் பிரித்துவிட்டு, சக்கரத்தைத் திருப்பும் கையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுக்க வேண்டும். அது அசையத் தொடங்கும்போது முள் காட்டுவதே கணக்கு. தராசு? வீட்டில் இருந்தது. இந்தியாவுக்குப் போகும்போதெல்லாம் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு. எடை பார்ப்பது எங்கள் வீட்டில் மகளின் பொறுப்பு. நாங்கள் கேட்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். இழுத்தாள். முள் ஒரு கிலோவைக்கூட எட்டவில்லை. "இது காலிப் பெட்டி" என்றாள்.

இரு பக்கமும் பிரித்தோம். உள்ளே கிரீஸும் கியர் எண்ணெயும் கலந்து கரிய கஞ்சியாகியிருந்தன. பேரிங்கின் வளையங்களில் விரலால் தடவினால் உணரும் அளவுக்குப் பள்ளங்கள். புதிய பேரிங்குகள், சீல்கள், ஒரு டை ராட் முனை. ஷிம் தகடுகளை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் அவள் இழுத்து எண்ணைச் சொல்ல, கையேடு கூறிய எல்லைக்குள் முள் வந்து நிற்க மூன்று வார இறுதிகள் பிடித்தன.

பிறகு நாங்கள் இருவர் மட்டும், நண்பர் ஒருவரின் பண்ணைப் பாதையில், ஸ்டெபிலைசரை மாட்டாமலேயே கிராதியின்மேல் ஓட்டினோம். நாற்பதில், ஐம்பதில், கடைசியாக எண்பத்தைந்தில். கல்லும் குழியும் நேரே உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தன. நடுக்கம் வரவில்லை. மாலையில் ஸ்டெபிலைசரைத் திரும்ப மாட்டினோம். வீட்டில் அவள் கேட்டபோது, என்ன செய்தோம், எந்த வேகத்தில் செய்தோம் என்பதை மட்டும் சொன்னோம்.

செப்டம்பர் விடுமுறையில் மறுபடி வில்பெனா. தானாகவே ஏறி நடுவில் உட்கார்ந்தாள். ஹாக்கரைத் தாண்டியதும், "அந்த இடம் வருது" என்றாள். எண்பதில் போய்க்கொண்டிருந்தோம். அவள் கைகள் முன்பலகைக்குப் போயின. கிராதி கடந்தது, சக்கரங்கள் ஒரு முறை கடகடத்து ஓய்ந்தன. கைகள் அங்கேயே இருந்தன. வில்பெனா வரும்வரை எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கச் சொல்லவில்லை.