பற்றாசு

யாப்பிலக்கணத்தில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர்களுக்கு 'ஆசு' என்ற சொல் தெரிந்திருக்கும். இரண்டு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல் கொண்டு சேர்த்து ஒரே வெண்பாவாக்கும்போது, முதற்குறளின் இறுதிச் சீருக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை விட்டுப்போவதுண்டு. அந்த இடைவெளியை ஓரசையோ ஈரசையோ இட்டு நிரப்புவார்கள். அதற்குப் பெயர் ஆசு. கொல்லர் பட்டறையிலிருந்து இலக்கணத்துக்குள் போன சொல் அது. உலோகத் துண்டுகளை ஒட்டவைக்க இடையில் உருக்கி இடும் பொருள் பற்றாசு. ஆசு என்பதற்குக் குற்றம் என்றும் பொருள் உண்டு. ஒட்டும் பொருளும் பிழையும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடிவந்தன என்பதைச் சொல்லாராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எங்களுக்கு அதில் வியப்பில்லை.

நாங்கள் அண்ணன் தம்பி இருவர். பாளையங்கோட்டையில் பிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறோம். இலக்கியப் பத்திரிகைகள் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்து அலமாரியில்தான் இருக்கின்றன. வருகிறவர்கள் பழைய தாள் என்று நினைத்துக் கை துடைக்க எடுத்துவிடுவார்கள். அப்படிச் சில அருமையான கட்டுரைகளை இழந்திருக்கிறோம். பற்றாசை நாங்கள் 'ராடு' என்கிறோம், இணைப்பதைப் பிரேசிங் என்கிறோம்.

செம்புக் குழாய்கள் இரண்டை இணைக்க வேண்டுமானால் ஒன்றின் வாயை விரித்து மற்றொன்றை அதற்குள் செருக வேண்டும். நடுவில் சுற்றிலும் ஒரு தலைமயிர் கிடக்கும் அளவு இடைவெளி போதும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதைவிடக் கூடினால் உருகிய ராடு உள்ளே ஏறாது, வழிந்துவிடும். எங்களுக்குத் தொழில் சொல்லித்தந்த மேஸ்திரி முதல் நாளே சொன்னது இது: "தீய ராடுக்குக் காட்டாதலே, குழாய்க்குக் காட்டு. ராட குழாய் உருக்கட்டும்." செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். ராடு 800 டிகிரிக்குள் தண்ணீராய் ஓடிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு. குழாய் மங்கிய சிவப்புக்கு வந்ததும் தீயை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு மறுபக்கத்தில் ராடைத் தொட்டால், அது சூட்டைத் தேடி இடைவெளிக்குள் தானே ஓடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான். ஆயிரக்கணக்கில் ஒட்டிய பிறகும் அந்த ஓட்டத்தைப் பார்க்க எங்களுக்கு அலுக்கவில்லை.

செம்போடு செம்பை ஒட்ட மலிவான ராடே போதும். அதில் 93 பங்கு செம்பு, 7 பங்கு பாஸ்பரஸ். சூட்டில் செம்பின் மேல் படியும் ஆக்சைடை இந்தப் பாஸ்பரஸே தின்றுவிடுவதால் தனியாகப் பிளக்ஸ் பொடி தடவ வேண்டியதில்லை. இதிலேயே வெள்ளி 2, 5, 15 விழுக்காடு என்று சேர்த்தும் வருகின்றன. வெள்ளி கூடக் கூட ஒட்டு இளகித் தாங்கும். இடைவெளி கொஞ்சம் தாராளமானாலும் நிரப்பிவிடும். விலையும் கூடும். இறுக்கமாகப் பொருந்திய, அதிராத இடங்களுக்கு வெள்ளியில்லா ராடு. அதிரும் இடங்களுக்குப் பதினைந்து விழுக்காடு. இது எங்கள் கணக்கு. எல்லாவற்றுக்கும் விலை உயர்ந்ததையே போடு என்பவர்கள் பில்லை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறவர்கள் என்பது எங்கள் எண்ணம். ஒட்டும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் உட்புறம் கருஞ்செதில் படிந்து, உதிர்ந்து, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத காப்பிலரித் துளையில் போய் அடைக்கும்.

ஆனால் பாஸ்பரஸ் ராடு இரும்புக்கு ஆகாது. பாஸ்பரஸும் இரும்பும் கூடுமிடத்தில் கண்ணாடிபோல நொறுங்கும் ஒரு மெல்லிய படலம் உண்டாகிவிடும். இரும்பு வந்தால் பாஸ்பரஸ் இல்லாத, பாதிக்குக் கிட்ட வெள்ளி கொண்ட சில்வர் ராடும், பிளக்ஸும் வேண்டும். ஒட்டியபின் பிளக்ஸை வெந்நீரில் கழுவாமல் விட்டால் அது குழாயை அரிக்கும். பழைய சில்வர் ராடுகளில் காட்மியம் இருந்தது. அதன் புகை நுரையீரலுக்கு நஞ்சு. மேஸ்திரி அந்தக் காலத்து ஆள். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒட்டுவார், எங்களை எட்டி நிற்கச் சொல்வார்.

2009ஆம் ஆண்டு சித்திரையில் ஒரு மருந்துக்கடைப் பிரிட்ஜுக்குக் கம்ப்ரசர் மாற்றினோம். புதிய கம்ப்ரசரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய்கள் பளபளவென்று செம்பாக இருந்தன. அவை செப்பு முலாம் பூசிய இரும்பு. அது எங்களுக்குத் தெரியாது என்று எழுதத்தான் ஆசை. தெரியும். மேஸ்திரி பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். புதுக் கம்ப்ரசர் எது வந்தாலும் முதலில் அதை வைத்துப் பார்ப்பார். எங்கள் பையில் அன்று சில்வர் ராடு தீர்ந்திருந்தது. முலாம் பூசிய குழாயில் பாஸ்பரஸ் ராடு போட்டு வருடக்கணக்கில் ஓடுகிற பெட்டிகளும் உண்டு. அந்த நினைப்பில் ஒட்டினோம். வெளியே பார்க்க அழகான ஒட்டு. சோப்பு நுரை வைத்துச் சோதித்தோம், ஒரு குமிழ்கூட வரவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் திங்கட்கிழமை காலை அண்ணாச்சி கடையிலிருந்து ஆள் வந்தது. ஞாயிறு கடை விடுமுறை. எப்போது விட்டதோ தெரியாது. நாங்கள் போனபோது பெட்டிக்குள் கடையைவிட அதிக வெக்கை. கம்ப்ரசர் அதிர்ந்து அதிர்ந்து, ஒட்டின் ஓரத்தில் சுண்ணாம்புச் சுவர் வெடிப்பது போல ஒரு கோடு விழுந்து, வாயு முழுவதும் போயிருந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய இன்சுலின் குப்பிகள் இரண்டு தட்டு நிறைய இருந்தன. அண்ணாச்சி ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தெளிவாகத்தான் இருந்தது. "பாத்தா தெரியாதுல்லா தம்பி" என்றார். "அதான் விக்கப்படாது." எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் கொட்டி, மேலே பேனாவால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு, எங்கள் முன்னாலேயே பில் புத்தகத்தில் கணக்கு எழுதினார். எங்களிடம் நீட்டவில்லை. நாங்களே வாங்கிப் பார்த்தோம். அந்தத் தொகையைப் பதினொரு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். கடைசி இரண்டு மாதத்தை அவர் வாங்க மறுத்துவிட்டார்.

அந்த ஒட்டை வைத்தது எங்களில் யார் கை என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அம்மா கேட்டபோதும் "நாங்கதான்" என்றே சொன்னோம். அதனால்தான் இதையும் இப்படி எழுதுகிறோம்.

இப்போது வரும் பிரிட்ஜ்களில் பெரும்பாலானவை எரியக்கூடிய ஐசோபியூட்டேனில் ஓடுகின்றன. அவற்றில் வாயுவை முற்றாக வெளியேற்றி நைட்ரஜன் விட்டுக் கழுவாமல் தீயைப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. தீயே இல்லாமல் அழுத்திப் பூட்டும் இணைப்புகளும் வந்துவிட்டன. ஏசிகளில் அலுமினியக் குழாய்கள் பெருகிவிட்டன. அதற்கு ராடு வேறு, பொறுமை வேறு.

மேஸ்திரி காலமானபின் அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு வந்தது அந்தக் காந்தம். சென்ற மாதம் அண்ணாச்சி கடையில், இப்போது அவர் மகன் பார்த்துக்கொள்கிறார், வேறொரு பெட்டிக்குக் கம்ப்ரசர் மாற்றப் போயிருந்தோம். பளபளத்த குழாயருகே காந்தத்தைக் கொண்டுபோனதும் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. பையில் சில்வர் ராடு இருந்தது, ஆனால் அரை ராடுதான். அது போதும். என்றாலும் எங்களில் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு புது ராடு வாங்கக் கிளம்பினோம். மற்றவர் அதுவரை பெட்டியைத் தொடாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம்.