நேவா நதியும் எங்கள் ஊர் ஏரியும்

ரஷ்ய நாவல்களைப் படித்துப் பழகியவர்களுக்குப் பீட்டர்ஸ்பர்க் நகரம் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர் மாதிரி. ஒருமுறைகூடப் போயிருக்க மாட்டோம். ஆனால் கேட்டுக் கேட்டே எல்லாம் தெரிந்திருக்கும். நேவா நதியும் அதன் பாலங்களும், உறைபனியில் மேலங்கிக்காக ஏங்கும் ஏழைக் குமாஸ்தாவும், தாஸ்தாயெவ்ஸ்கியின் மாணவன் நெஞ்சு படபடக்க ஏறிப் போகும் மாடிப்படியும் நமக்குப் புதியவை அல்ல.

அந்த நகரம் தானாக வளர்ந்ததல்ல. 1703-ஆம் ஆண்டில், நேவா கடலில் கலக்கும் சதுப்பு நிலத்தில், மகா பீட்டர் என்ற ஒரு மனிதரின் பிடிவாதத்தால் எழுந்தது. கட்டுவதற்குக் கல்லும் கொத்தர்களும் போதவில்லை என்று, 1714-இல் ராஜ்யத்தின் மற்ற இடங்களில் கல் கட்டடமே எழும்பக் கூடாதென்று உத்தரவு போட்டார் அவர்! பிடித்து வரப்பட்ட குடியானவர்கள் சேற்றில் நின்று வேலை செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கேயே மாண்டும் போனார்கள். பிறகு மாளிகைகள் வந்தன. 1782-இல் நதிக்கரையில், குதிரை மேல் வீற்றிருக்கும் பீட்டரின் வெண்கலச் சிலையும் வந்தது.

ஆனால் நதி தன் இடத்தை மறக்கவில்லை. 1824 நவம்பரில் வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. அந்த வெள்ளத்தை வைத்து 1833-இல் புஷ்கின் ஒரு காவியம் எழுதினார். தன் காதலியை வெள்ளத்துக்குப் பறிகொடுத்த ஒரு சின்னக் குமாஸ்தா, சித்தம் கலங்கி அந்தச் சிலையின் முன்னால் நின்று முஷ்டியை உயர்த்துகிறான். இந்த இடத்தில் ஏன் ஊரைக் கட்டினாய் என்று கேட்க அவனுக்கு வேறு வழி ஏது? வெண்கல ராஜா குதிரையோடு அவனைத் துரத்தத் தொடங்கிவிடுகிறார்.

இந்தக் குமாஸ்தாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் உத்திரமேரூர் ஞாபகம் வந்துவிடுகிறது. எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் முடிச்சுப் போடுகிறீர் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இதுவும் ஓர் அரசன் திட்டமிட்டு அமைத்த ஊர்தான். எட்டாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் உண்டானது. பீட்டரின் நகரத்துக்குத் தொள்ளாயிரம் வருஷம் மூத்தது. காஞ்சியிலிருந்து வந்தால் பாலாறும் செய்யாறும் குறுக்கிடும். வருஷத்தில் பெரும்பகுதி இரண்டிலும் மணல்தான். அதனால்தானோ என்னவோ, எங்கள் ஊரின் உயிர் ஏரியிலே இருக்கிறது. வயிரமேகத் தடாகம் என்று அதற்குக் கல்வெட்டுகளில் கம்பீரமான பெயர் உண்டு.

குளிர்கால மாளிகையைப் போல எங்களிடம் எதுவும் இல்லை. சுந்தரவரதப் பெருமாள் கோயில் இருக்கிறது. நின்றும் அமர்ந்தும் கிடந்தும் பெருமாள் சேவை சாதிக்கும் மூன்று நிலைகள் கொண்ட விமானம். சற்றுத் தள்ளி வைகுண்டப் பெருமாள் கோயில். பார்க்க எளிய கட்டடம். ஊரைக் கட்டியவனின் சிலை எங்கும் கிடையாது. அதற்குப் பதிலாகக் கோயிலின் கல்லில் சில சட்டங்கள் இருக்கின்றன.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். எடுத்த ஓலையை வாங்குகிறவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைத்து வைத்திருந்தால்? மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவர்கள்தான் இதை எழுதியிருக்க வேண்டும்! ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டுமா? அவன் சிற்றப்பன், பெரியப்பன், மாமனார், மைத்துனன், மருமகன் எல்லோருக்கும் கதவு சாத்தியாயிற்று.

பீட்டர்ஸ்பர்க் குமாஸ்தா சிலையிடம் முஷ்டியைத்தான் காட்ட முடிந்தது. இங்கே கணக்கையே கேட்கலாம் என்று கல் சொல்லிற்று.

ஆனால் யார் கேட்கலாம்? இதைச் சொல்லாமல் பெருமை மட்டும் பேசினால் அது பாதிக் கதை. அது பிராமணர் சபை. சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ள, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்ட ஆண்களின் பெயரே குடத்தில் விழுந்தது. ஏரியில் மண் சுமந்தவன் பெயர் விழவில்லை. நாற்று நட்டவள் பெயரும் விழவில்லை. என் முன்னோர் அந்தக் காலத்தில் இங்கே இருந்திருந்தால், அவர்கள் கரையில்தான் நின்றிருப்பார்கள். நேவாவின் சேற்றில் மாண்ட குடியானவனும் அவர்களும் ஒரே ஜாதி.

2020 டிசம்பரில் டில்லியில் புதிய பார்லிமெண்டுக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் எங்கள் ஊர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டார். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் அதைவிட அதிகமாக என் மனத்தில் நிற்பது, பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த கிராம சபைக் கூட்டம். நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மாள் எழுந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். "ஏரிக்கரையிலே மண்ணு கொட்டினோம்னு சொல்றீங்களே, எங்கே கொட்டினீங்க? கணக்கைப் படிங்கய்யா, கேட்போம்" என்றார்.

கூட்டத்தில் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. அவர் உட்காரவில்லை. கடைசியில் நோட்டை எடுத்துப் படிக்கத்தான் வேண்டியிருந்தது.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு குடத்தில் இடம் பெறாத பெயர் அவருடையது. கல்லில் இருக்கும் சட்டத்தை அவர் படித்ததும் இல்லை. எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்குக் கோயிலைக் காட்டுகிறேன், கல்வெட்டைக் காட்டுகிறேன், ஏரியையும் காட்டுகிறேன். அந்த அம்மாளைப் பற்றியும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.