காலம் காக்கும் சிறு காவலன்

உலகில் செய்யத்தக்க செயல்கள் பல. அவற்றைச் செய்யும் ஆற்றல் உடையோரும் பலர். ஆயினும், செய்யத்தக்க செயலை உரிய காலத்தில் செய்து முடிப்பவர் சிலரே. மழை பெய்த நாளில் விதைக்காத உழவன், கோடையில் எத்துணை உழைத்தாலும் விளைவு காணான். நோய் முற்றிய பின் வந்த மருந்து, எத்துணை நல்ல மருந்தாயினும், நோயாளிக்கு உதவாது. ‘கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்’ என்னும் பழமொழி இவ்வுண்மையை நகைச்சுவை தோன்றக் கூறுகின்றது. திருவள்ளுவரும் காலமறிதல் என ஓர் அதிகாரத்தையே வகுத்தருளினார். ஆட்சி செய்வார்க்கு அவர் உணர்த்திய அந்நெறி, இன்று மனிதன் படைத்த பொறிகளுக்கும் பொருந்தி நிற்கின்றது.

மோட்டார் வண்டி ஒன்று எதிர்பாராமல் மற்றொரு வண்டியோடு மோதுகின்றது. அவ்வேளையில், வண்டியின் முன்புறத்தில் மறைந்திருக்கும் காற்றுப்பை விரிந்து, ஓட்டுநரின் தலையும் மார்பும் அடிபடாதவாறு தாங்குகின்றது. மோதலை உணர்தல், அது சிறு தட்டலோ பெரு மோதலோ எனத் துணிதல், பையை விரித்தல் ஆகிய அனைத்தும் கண் ஒருமுறை இமைப்பதற்குள் நிகழ்ந்துவிடல் வேண்டும். ஒரு நொடி தாழ்த்தாலும், துணிவு சரியாயிருந்தும் உயிர் காக்கப்படாது. கணக்கு வகுப்பில் விடை சரியாயிருந்தால் போதும். இங்கோ விடை சரியாயிருத்தலோடு, உரிய நேரத்தில் வருதலும் வேண்டும். காலந்தாழ்த்து வந்த சரியான விடை, தவறான விடையோடு ஒத்ததே ஆகும்.

இவ்வாறு உணர்ந்து துணியும் வேலையைச் செய்வது மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்படுத்தியாகும். துணி துவைக்கும் பொறியிலும், குருதியழுத்தம் அளக்கும் கருவியிலும், குழந்தைகளின் விளையாட்டுப் பொருளிலும் அது ஒளிந்திருந்து பணி செய்கின்றது. மேசைமேல் விளங்கும் கணிப்பொறிக்கு அதனைத் தம்பி எனலாம். ஆனால் அதன் செல்வமோ மிகச் சிறிது. பள்ளி மாணவரும் பயின்று பழகும் ஏடிமெகா328 என்னும் நுண்கட்டுப்படுத்தியை எடுத்துக்கொள்வோம். செய்யவேண்டுவனவற்றை எழுதிவைக்க அதனிடம் 32 கிலோபைட் இடமே உண்டு. வேலை நடக்கும்போது இடையிடையே குறித்துக்கொள்ள 2 கிலோபைட் இடமே உண்டு. ஒரு கிலோபைட் என்பது 1,024 பைட். ஆங்கில எழுத்து ஒன்றைக் குறிக்க ஒரு பைட் போதும். எனவே, 2 கிலோபைட் என்பது ஏறத்தாழ நூலின் ஒரு பக்கமே. அந்த ஒரு பக்கத் தாளை வைத்துக்கொண்டு பல வேலைகளை அது முடிக்க வேண்டியிருக்கின்றது.

வேலைகள் பல, ஆனால் செய்வதோ ஒன்று. இந்நிலையை விளங்கிக்கொள்ள நம் வீட்டு அடுக்களையே போதும். தாய் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் பால் பொங்குகின்றது. உடனே அரிவாள்மணையை விட்டெழுந்து பாலை இறக்கச் செல்கிறாள். அவ்வேளையில் தவழும் குழந்தை நெருப்பை நோக்கி வருகின்றது. பாலையும் விட்டுக் குழந்தையைத் தூக்குகிறாள். குழந்தையைத் தொட்டிலில் இட்டபின் பாலை இறக்குகிறாள். பின்னர், விட்ட இடத்திலிருந்தே காய் நறுக்கத் தொடங்குகிறாள். எதனை முன்னர்ச் செய்வது, எதனை நிறுத்திவைப்பது, நிறுத்தியதை எங்கிருந்து தொடர்வது என்னும் மூன்றும் அவளுக்குத் தெரிந்திருக்கின்றன. நுண்கட்டுப்படுத்திக்கு இந்த மூன்று அறிவையும் தருவதே நிகழ்நேர இயக்க முறைமை என்னும் மென்பொருள்.

நிகழ்நேரம் என்னும் சொல்லை விரைவு என்று சிலர் பொருள் கொள்வர். அது பொருந்தாது. விரைவு வேறு, காலந்தவறாமை வேறு. ஒரு நாள் பத்து நிமிடம் முன்னரும், மறுநாள் அரைமணி பின்னரும் வருகின்ற விரைவுப் பேருந்தினும், நாள்தோறும் குறித்த மணிக்கு வந்து சேரும் மெல்லிய தொடர்வண்டியே பள்ளி செல்வார்க்குத் துணையாகும். அதுபோல, இன்ன வேலை இன்ன காலத்திற்குள் முடியும் என்னும் உறுதியே நிகழ்நேர முறைமையின் உயிராகும்.

இத்தகைய முறைமைகளுள் புகழ்பெற்றது ஃபிரீஆர்டாஸ். ரிச்சர்டு பாரி என்னும் பொறியாளர் 2003-ஆம் ஆண்டளவில் இதனை ஆக்கினார். சி என்னும் நிரல்மொழியில் எழுதப்பெற்ற இதன் நடுப்பகுதி, மூன்று கோப்புகளில் அடங்கிவிடுகின்றது. ஒன்று பணிகளை ஆள்வது. மற்றொன்று செய்திகளை வரிசைப்படுத்துவது. மூன்றாவது பட்டியல்களைப் பேணுவது. நுண்கட்டுப்படுத்தியில் இது கொள்ளும் இடம் ஏறத்தாழ 10 கிலோபைட். வெவ்வேறு நிறுவனங்கள் படைத்த 40-க்கு மேற்பட்ட வகை நுண்கட்டுப்படுத்திகளில் இஃது இயங்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. ‘மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது’ என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இதன் செயல்முறை எளிது. நுண்கட்டுப்படுத்தி செய்யவேண்டிய வேலை முழுவதையும் நிரல் எழுதுவோர் பல பணிகளாகப் பகுக்கின்றனர். ஒவ்வொரு பணிக்கும் முன்னுரிமை எண் ஒன்றை அளிக்கின்றனர். எண் உயர உயரப் பணியின் தகுதியும் உயரும். முறைமையில் நாடித் துடிப்புப் போன்ற ஒரு துடிப்பு உண்டு. அதனை ஒரு நொடிக்கு 1,000 முறை நிகழுமாறு அமைத்தல் பெருவழக்கு. ஒவ்வொரு துடிப்பின்போதும், இடையில் புதிய செய்தி வந்தபோதும், ‘செய்தற்கு ஆயத்தமாக உள்ள பணிகளுள் தலையாயது எது?’ என்று முறைமை நோக்குகின்றது. அதற்கே இடம் தருகின்றது. நடந்துகொண்டிருந்த பணி தாழ்ந்ததாயின், அது நின்ற இடத்தைக் குறித்துவைத்து அதனை ஒதுக்குகின்றது. ஒத்த தகுதியுடைய பணிகள் பல இருப்பின், அவை முறைவைத்து மாறிமாறி நடைபெறுகின்றன.

காத்திருக்கும் பணி வீணே காலத்தைச் செலவிடுவதில்லை. ‘பொத்தானை எவரேனும் அழுத்தினரா, அழுத்தினரா?’ என்று அது ஓயாது வினவிக்கொண்டிராது. செய்தி வரும்வரை உறங்கும், வந்தவுடன் எழுப்பப்படும். எல்லாப் பணிகளும் உறங்கும் வேளையும் உண்டு. அப்போது, எல்லாவற்றினும் தாழ்ந்ததாகிய ஓய்வுப்பணி என்பது இடம் பெறுகின்றது. முடிந்துபோன பணிகள் விட்டுச்சென்ற நினைவிடத்தை அதுவே துப்புரவு செய்கின்றது. கருவியை உறங்கவைத்து மின்கலத்தின் ஆற்றலை மிச்சப்படுத்தும் வேலையையும் அதனிடம் ஒப்படைக்கலாம். கடைநிலையில் உள்ளாரின் உழைப்பு எங்கும் இன்றியமையாதது என்பதற்கு இவ்வோய்வுப்பணி ஓர் எடுத்துக்காட்டு.

உயர்ந்தது முன், தாழ்ந்தது பின் என்னும் இவ்விதி குற்றமற்றதாகத் தோன்றும். ஆயினும் இதனுள்ளும் ஓர் இடர்ப்பாடு மறைந்துள்ளது. அரண்மனை ஒன்றில் கருவூலத்திற்குத் திறவுகோல் ஒன்றே இருப்பதாகக் கொள்வோம். ஏவலன் ஒருவன் அதனைப் பெற்று உள்ளே துப்புரவு செய்கிறான். அமைச்சர் வந்து திறவுகோலுக்காகக் காத்து நிற்கிறார். ஏவலன் தன் வேலையை முடித்தால் அமைச்சர் உடனே உட்புகலாம். ஆனால் இடைநிலை அலுவலர் ஒருவர் பின் ஒருவராக வந்து, ‘நான் உன்னினும் உயர்ந்தவன், என் வேலையை முதலில் செய்’ என்று அவனை அழைத்துச் சென்றவண்ணம் உள்ளனர். அவர்கள் அமைச்சரினும் தாழ்ந்தவர்களே. எனினும், அவர்களால் அமைச்சரின் செயல் முடங்கிவிடுகின்றது. கணிப்பொறியில் நிகழும் இத்தகைய நிலையை முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்பர்.

இது வெறுங் கற்பனையன்று. 1997-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் மார்ஸ் பாத்ஃபைண்டர் என்னும் விண்கலம் செவ்வாய்க் கோளில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணிப்பொறி திடீர் திடீரெனத் தன்னைத்தானே நிறுத்தி மீண்டும் தொடங்கலாயிற்று. கலத்தின் செய்தி வழியைக் காக்கும் உயர்ந்த பணிக்கு வேண்டிய திறவுகோலை, வானிலை அளவுகளைத் திரட்டும் தாழ்ந்த பணி வைத்திருந்தது. இடைநிலைப் பணிகள் குறுக்கிட்டமையால், அதனைத் திருப்பித் தரக் காலம் தாழ்ந்தது. உயர்ந்த பணி உரிய நேரத்தில் முடியாமை கண்டு, காவற்பொறி கணிப்பொறியை மீண்டும் தொடங்கச் செய்தது. கலிபோர்னியாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் பொறியாளர்கள், மண்ணுலகில் இருந்த ஒத்த கருவியில் அக்குறையை மீண்டும் தோற்றுவித்துக் காரணம் கண்டனர். பல கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கலத்திற்கு வானொலி வாயிலாகத் திருத்தம் சென்றது. கலம் தன் பணியை இனிதே தொடர்ந்தது. அக்கலத்தில் இருந்தது விலைக்கு விற்கப்படும் வேறொரு முறைமை. ஆயினும், அவ்விடர் எல்லா நிகழ்நேர முறைமைகளுக்கும் பொதுவானதே.

அவர்கள் அனுப்பிய திருத்தம் யாது? கதையில் வந்த அமைச்சர் தம் முத்திரை மோதிரத்தை ஏவலனுக்கு அளித்து, ‘திறவுகோலை நீ திருப்பித் தரும்வரை என் தகுதி உனக்கும் உண்டு’ என்கிறார் எனக் கொள்வோம். இனி இடைநிலை அலுவலர் அவனை ஏவ இயலாது. அவன் தன் வேலையை விரைந்து முடிப்பான். திறவுகோலோடு மோதிரமும் உரியவரிடம் திரும்பும். முன்னுரிமை மரபுரிமை என்று பெயர் பெற்ற இவ்வழியை ஆராய்ந்து, 1990-ஆம் ஆண்டில் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி என்னும் மூவர் கட்டுரையாக வெளியிட்டனர். அவருள் ராஜ்குமார், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஃபிரீஆர்டாஸ் முறைமையின் திறவுகோல்களிலும் இவ்வழியே எளிய வடிவில் அமைந்துள்ளது. தாழ்ந்தவனைத் தள்ளிவிட்டு உயர்ந்தவன் முன்னேற இயலாது. அவனைத் தன் நிலைக்கு உயர்த்தினாலன்றித் தன் செயலும் நிறைவேறாது. இது பொறிகளுக்கு மட்டும் உரிய விதியோ என எண்ணிப் பார்த்தல் தகும்.

ஃபிரீஆர்டாஸுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதன் மூலநிரல் எவருக்கும் திறந்தே உள்ளது. 2017-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் அதனைப் பேணும் பொறுப்பை ஏற்றது. அவ்வாண்டு முதல் அது எம்.ஐ.டி. உரிமம் என்னும் எளிய உரிமத்தின்கீழ் வழங்கப்படுகின்றது. எவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், தம் கருவியில் அமைத்து விற்கவும் செய்யலாம். கட்டணம் இல்லை. ஆக்கியோரின் உரிமைக் குறிப்பை நீக்காது வைத்தல் வேண்டும் என்பதே கட்டளை. பொன்னை வழங்கினால் வழங்கியவரிடம் குறையும். அறிவை வழங்கினால் வழங்கியவரிடமும் நிற்கும், பெற்றவரிடமும் வளரும். பெருநிறுவனத்தின் பொறியாளரும், சிற்றூர்ப் பள்ளி மாணவனும் ஒரே நிரலை ஒரே உரிமையோடு படிக்க இயலுவது சிறிய பேறன்று.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அவ்வுரிமத்தில், இம்மென்பொருளுக்கு எவ்வகைப் பொறுப்புறுதியும் இல்லை என்றும் எழுதப்பட்டுள்ளது. முறைமை முன்னுரிமையைக் காக்கும். எதற்கு முன்னுரிமை தருவது என்பதை முறைமை அறியாது. அதனை அறிந்து வகுக்கவேண்டியவன் மனிதன். விளக்கை மினுக்கும் பணிக்கு உயர்ந்த எண்ணையும், வெப்பம் மிகுந்தால் அடுப்பை அணைக்கும் பணிக்குத் தாழ்ந்த எண்ணையும் ஒருவன் தவறி அளித்தால், முறைமை அத்தவற்றையும் காலந்தவறாமல் நிறைவேற்றும். உயர்ந்த பணி ஓயாது இடத்தைப் பற்றிக்கொண்டால், தாழ்ந்த பணிகள் பட்டினி கிடக்கும். ஆதலின், உயிரோடு தொடர்புடைய கருவிகளை அமைப்போர், ஒவ்வொரு பணியும் எத்துணை நேரம் கொள்ளும், எந்நேரத்திற்குள் முடிதல் வேண்டும் என்று அளந்து ஆய்ந்த பின்னரே அவற்றை வழங்குகின்றனர். கருவி எத்துணை நல்லதாயினும், கடமை கருவியைச் சார்ந்ததன்று. அதனைக் கையாள்வோரைச் சார்ந்தது.

மாணவர்க்கு நாள் ஒன்றிற்கு 24 மணி நேரமே உண்டு. அதனை மிகுவிக்க எவராலும் இயலாது. நுண்கட்டுப்படுத்திக்கும் சிறிய இடமே உண்டு. அதனையும் மிகுவித்தல் எளிதன்று. ஆயினும், உள்ளதைக் கொண்டு ஒழுங்காகப் பணி செய்யலாம் என்பதை அச்சிறு முறைமை நாள்தோறும் மெய்ப்பித்து வருகின்றது. தலையாயதை முதலில் செய்தலும், இடையில் விட்டதை மறவாது தொடர்தலும், வேலையில்லாத வேளையில் ஆற்றலைச் சிதறாது காத்தலும், சிறியார் கையில் உள்ள பணியை மதித்து அதனை முடிக்கத் துணைநிற்றலும் அதன் இயல்புகள். சில ஆயிரம் பைட்டுகளுக்குள் அடங்கும் இவ்வியல்புகள் ஒருவனது வாழ்வில் அமையுமாயின், அவன் செய்யும் செயல் எதுவும் காலந்தவறிப் பயனிழந்து போகாது.