ரப்பர் நாடா சுற்றிய ஊன்றுகட்டை

இரத்தினபுரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அதில் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் ஒன்றான மேட்டு லயத்தின் கடைசி அறை, தொங்கல் காம்பரா, எங்களுடையது. மழைக்குப் பேர்போன மாவட்டம் அது. மழை பிடித்துவிட்டால் பால் வெட்ட முடியாது, பேரும் விழாது, அன்றைய கூலி இல்லை. அந்த நாட்களில் அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து என் ஊன்றுகட்டையைச் சரிபார்ப்பார். கல்படியில் தேய்ந்து அதன் அடி மழமழவென்று ஆகியிருக்கும். பாசிப் படியில் வைத்தால் வழுக்கும். பால் வெட்டிய கோட்டிலேயே காய்ந்து கிடக்கும் ரப்பரை நாடா நாடாவாக உரித்து வந்து, கட்டையின் அடியில் இறுக்கிச் சுற்றுவார். முடிச்சே வேண்டாம், தானாக ஒட்டிக்கொள்ளும். பிறகு இரண்டு தரம் தரையில் ஓங்கி ஊன்றிப் பார்த்துவிட்டு, "இந்தா, இனி வழுக்காது" என்பார். அந்தப் புளித்த வாடை பல நாள் என் உள்ளங்கையிலும் இருக்கும்.

நான் பிறந்தது 1961இல். அடுத்த வருஷம் இலங்கையில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. சொட்டு மருந்து நாட்டுக்கு வந்ததும் அதே 1962இல்தான். ஆனால் மருந்து எங்கள் லயத்துக்கு ஏறி வருவதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சல் விட்டதும் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் என்னைத் தூக்கி நிறுத்தினார்களாம். வலது கால் துணியாகத் தொங்கியிருக்கிறது. காத்துக் கருப்பு என்றார்கள். முனியாண்டிக்குச் சேவல் அறுத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது அம்மா கிரகணம் பார்த்துவிட்டாள் என்றும் ஒரு பேச்சு. எந்தப் பேச்சானாலும் பழி அவள் தலையில்தான் இறங்கியது. அது ஒரு கிருமி, அசுத்தமான தண்ணீரோடும் கையோடும் வயிற்றுக்குள் போவது, முதுகுத்தண்டில் தசையை இயக்கும் நரம்பணுக்களை அழிப்பது என்று அவளுக்குச் சொல்ல யாருமில்லை. முழு லயத்துக்கும் ஒரே பீலித் தண்ணீர் என்பதையும் யாரும் யோசிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் சூம்பின காலைக் கிள்ளிப் பார்ப்பார்கள், வலிக்காது என்ற நினைப்பில். நன்றாக வலிக்கும். போலியோ அசைவைத்தான் எடுக்கிறது, உணர்ச்சியை விட்டுவைக்கிறது. பின்னாளில் இரும்புச் சட்டமும் தோல்வாரும் போட்டபோது, விடியக்காலை இரும்பின் சில்லிப்பு தொடைவரை ஏறும். ஈரத்தில் வார் பூஞ்சணம் பூக்கும். அம்மாயி தேங்காயெண்ணெய் தொட்டு அதைத் துடைத்து, அதே எண்ணெய்க் கையால் என் காலையும் நீவிவிடுவாள். "செத்த காலுக்கு எதுக்கு எண்ணெய்?" என்று பக்கத்துக் காம்பராவில் கேட்டார்கள். "செத்த காலா? குளுருதுன்னு எம் பேரன் சொல்றானே!" என்றாள்.

அம்மாயியின் அந்தப் பதிலைத்தான் நான் ஊர் ஊராகச் சொல்லிவந்தேன். 1995இல் நாடு முழுவதும் சொட்டு மருந்து நாட்கள் தொடங்கியபோது யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து லயங்களில் தாய்மார் முன்னால் உட்கார்ந்து, சட்டத்தைக் கழற்றிக் காலைக் காட்டினேன். தொட்டுப் பாருங்கள் என்றேன். முதலில் தயங்குவார்கள்; ஒருத்தி தொட்டதும் கேள்விகள் வரும், சாபத்தைப் பற்றியும் கிரகணத்தைப் பற்றியும். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னால் சில பேர் அழுதுவிடுவார்கள். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். 2014இல் தென்கிழக்காசியப் பிராந்தியமே போலியோ ஒழிந்ததாகச் சான்று பெற்றது.

கிருமி போயிற்று, படிகள் போகவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. கட்டிடங்களுக்குள் தடையின்றிப் போய்வருவதற்கான விதிகள் 2006இல். கார் மேல் மரம் விழுந்து நடக்க முடியாமல்போன அஜித் பெரேரா உயர் நீதிமன்றம்வரை போய், புதிய பொதுக் கட்டிடங்கள் அந்த விதிகளை மதிக்க வேண்டும் என்று 2009இல் உத்தரவு வாங்கினார். சக்கர நாற்காலியிலிருந்தே நடத்திய போராட்டம். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

தோட்டங்களில் இப்போது தனி வீடுகள் எழும்புகின்றன. அடித்தளம் வெட்டும்போதே நான் போய் நிற்கிறேன். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் வேண்டும் என்றால், இந்த மலையில் அதற்கு எங்கே இடம் என்கிறார்கள் வீடு கட்டும் பாஸ்மார். மேட்டை நோக்கி நேராக இழுத்தால் இடம் போதாது. சரிவுக்குக் குறுக்கே, சுவரையொட்டி இழுத்தால் பல வீடுகளுக்குப் போதும். கயிறு பிடித்து அளந்தே காட்டுகிறேன்.