வூட்டுக்குள்ளயா, வாசலுக்கா?

பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் “ஒரு விளக்குமாறு குடுங்க” என்றால் உடனே எதுவும் கைக்கு வராது, கேள்விதான் வரும். “வூட்டுக்குள்ளயா சார், வாசலுக்கா?” பூக்கடைகளைத் தாண்டிய சந்தில், ஒருவரோடு கன்னடத்தில் பேரம் பேசிக்கொண்டே என்னிடம் தமிழில் கேட்டார் கடைக்கார அம்மா.

வீட்டுக்குள் என்றால் பூந்துடைப்பம். மேகாலயா, அசாம் மலைச்சரிவுகளில் வளரும் ஒரு புல்லின் பூங்கொத்து அது. குளிர்காலத்தின் கடைசியில் அறுத்து, காயவைத்துக் கட்டுகிறார்கள். டைல்ஸ் தரையில் மெல்லிய தூசியையும் தலைமுடியையும் விடாமல் கூட்டிச் சேர்க்கும். தண்ணீர் பட்டால் போச்சு. புதிதில் பூ உதிரும் என்பதால் நாலு தட்டு தட்டித்தான் கொடுக்கிறார்.

வாசலுக்கு, தென்னை ஓலையின் ஈர்க்கைச் சீவிக் கட்டிய ஈர்க்குமாறு. இங்கே அது ‘கட்டிப் பொரகெ’. கன்னடத்தில் கட்டி என்றால் குச்சி, பொரகெ என்றால் துடைப்பம். ஈரமானாலும் சருகானாலும் அசராது. குச்சிகள் நழுவினால் அடியைத் தரையில் குத்திச் சமப்படுத்திக்கொள்ளலாம்.

வாங்க வருபவரின் ஊரை அவர் கேட்கும் பெயரே சொல்லிவிடும். நெல்லைக்காரருக்கு வாரியல், கோவைக்காரருக்குச் சீமாறு. விளக்குமாறு என்ற பெயரில் விளக்குதல் என்றால் துலக்குதல், மாறு என்றால் குச்சிக்கட்டு. கோயிலுக்குள் போனால் இதுவே திருவலகு. சந்துக்குள் அந்த மரியாதை இல்லை. தள்ளுவண்டி நிறுத்தும் தகராறில் ஒருவர் ‘பொரகெ சேவெ’ செய்துவிடுவதாகக் கத்துகிறார். நம்மூர் ‘வெளக்கமாறு பிஞ்சிடும்’தான், சேவை என்று சொல்லி அடிக்கிறார்கள், அவ்வளவே.

சந்தின் முனையில் பௌரகார்மிகர்கள், அதாவது துப்புரவுப் பணியாளர்களான பெண்கள் இருவர் ரோடு கூட்டுகிறார்கள். பெங்களூரில் 12,692 துப்புரவுப் பணியாளர்களுக்கு 2025 மே 1 அன்றுதான் பணி நிரந்தர ஆணை கிடைத்தது. இந்த இருவர் கையிலும் ஈர்க்குமாறுதான். ஆனால் நீண்ட கழியில் கட்டியிருப்பதால் குனியாமல் கூட்ட முடிகிறது.

அப்படி நீளப்பிடி போட்டது வீட்டுக்குக் கிடைக்குமா என்று கேட்டேன்.

“யாரும் கேக்க மாட்டாங்க சார். வாங்குறவங்க ஒருத்தர், கூட்றவங்க வேற ஒருத்தர்.”

நான் கேட்டேன். அடுத்த வாரம் கட்டிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.